பையில் இருந்த வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பத்து நிமிஷம். இரவில் மின்சாரம் போனால் பத்தாவது நிமிஷம் திரும்பி வந்துவிடும், அதனால். முன்பிருந்த லைன்மேன் காலத்தில் விளக்கு போனால் போனதுதானாம். இவர் வந்த பிறகு மளிகைக் கடைக்காரர் மெழுகுவர்த்தி வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி கடமை தவறாத மனுஷனை நான் பார்த்ததே இல்லைம்மா" என்று யாராவது என்னிடம் சொல்லும்போது முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு கேட்பேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு. கடமையாவது ஒன்றாவது. மனிதருக்கு இருட்டு என்றால் பயம்.

சும்மா சொல்லவில்லை. விளக்கு போன அடுத்த நொடி அவர் முகத்தில் ஈயாடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார். அவரிடம் மூன்று டார்ச் உண்டு. தோளில் தொங்குவது ஒன்று, இடுப்பு பெல்ட்டில் ஒன்று, சட்டைப் பையில் சின்னதாக ஒன்று. மூன்றையும் எரியவிட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஓடுவார். மழையா, புயலா, காய்ச்சலா, எதுவும் கணக்கில்லை. ஊருக்காக ஓடுகிறார் என்று ஊர் நினைத்தது. அவர் தனக்காக ஓடினார், அதில் ஊருக்கும் கொஞ்சம் கிடைத்தது, அவ்வளவுதான்.

பயம் என்ற சொல்லை அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பேயைப் பார்த்தாரா, சின்ன வயதில் யாராவது இருட்டறையில் போட்டுப் பூட்டினார்களா என்று என் நாத்தனாரிடம் மட்டும் ஒருமுறை துருவிப் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் வளர்ந்தது டவுனில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, அப்பாவின் சைக்கிள் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில். ஜன்னலுக்கு நேரே தெருவிளக்கு. எதிர்க் கட்டடத்தில் சிவப்பும் பச்சையுமாக விடிய விடிய மாறி மாறி எரியும் விளம்பரப் பலகை. "எங்க வீட்ல ராத்திரிங்கிறதே கிடையாது அண்ணி, பகல், பச்சைப் பகல், சிவப்புப் பகல், அவ்வளவுதான்" என்றாள் நாத்தனார். இருட்டோடு அவருக்குப் பழக்கமே இல்லை, விஷயம் அதுதான்.

அப்படிப்பட்டவர் மின்சாரத் துறையில் சேர்ந்தது ஒரு கணக்கோடுதான் என்று நினைக்கிறேன். மின்சாரம் இருக்கிற இடத்தில் இருட்டுக்கு என்ன வேலை என்று எண்ணியிருப்பார். லைன்மேனின் வேலை தொடங்குவதே விளக்கை அணைப்பதில்தான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, சுற்றிலும் வயலும் தோப்பும் தவிர ஒன்றுமில்லாத இந்த ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். வருஷா வருஷம் டவுனுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதுவார். மேலே போன விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு ராத்திரி நான் விளக்கை அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார். மறுநாளும் இருக்கட்டும். மூன்றாம் நாள் அந்தப் பல்பு தானாகவே உயிரை விட்டது. அரை நிமிஷம்கூட இருக்காது, அதற்குள் அவர் ஸ்டூலைப் போட்டு வேறு பல்பை மாட்டிவிட்டார். வெளிச்சம் வந்தபோது அவர் நெற்றி முழுக்க வேர்வை. நான் எதையும் பார்க்காதவள் போலத் திரும்பிப் படுத்தேன். எனக்கோ துளி வெளிச்சம் இருந்தாலும் தூக்கம் வராது. பழைய பாவாடையிலிருந்து கறுப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினேன். எதற்கு என்று கேட்டார். தலைவலி என்றேன். பதினோரு வருஷம் எனக்குத் தினமும் ராத்திரி தலைவலி. அதைப் பற்றி அவர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பதினோரு வருஷத்தில் எனக்கென்று ஒரு தொழிலும் அமைந்தது, குஞ்சு பொரிப்பது. பெட்டியை அவரே தச்சரோடு உட்கார்ந்து செய்து கொடுத்தார். அலமாரி உயரம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு, உள்ளே நான்கு தட்டு, ஆறு பல்பு, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு வெப்பமானி. பல்பின் சூட்டில் இருபத்தொரு நாளில் முட்டை பொரியும். படுக்கையறைக்கு அடுத்த அறையில், கதவைத் திறந்தால் நேரே தெரிகிற மாதிரி வைத்தார். ஏன் அங்கே என்று நான் கேட்கவில்லை. ஆறு பல்பு ராப்பகலாக எரிகிற சாமானை மனிதர் வேறெங்கே வைப்பார்.

சுற்றுவட்டாரத்தில் பத்து இருபது என்று முட்டை கொண்டுவந்து கொடுப்பார்கள், பொரித்துக் கொடுப்பேன். அந்த மழைக்காலத்தில்தான் முதன்முதலாகப் பெட்டி நிறைய ஒரே இடத்து முட்டை வந்தது. புதிதாகக் கோழிப் பண்ணை வைத்தவர் இருநூற்று நாற்பது முட்டையை இறக்கிவிட்டு, "இது நல்லபடியா வந்தா இனிமே எல்லாமே உங்ககிட்டதான்மா. வரலைன்னா தப்பா நினைக்காதீங்க, நான் வேற இடம் பார்த்துக்குவேன்" என்று சொல்லிப் போனார். அன்று முதல் எனக்குச் சோறு தண்ணி எல்லாம் அந்தப் பெட்டிதான். இரவில் மூன்று தடவை எழுந்து வெப்பமானியைப் பார்ப்பேன்.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல் பெருங்காற்று அடித்தது. மழை நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது, ஊரில் வெளிச்சம் இல்லை. வயல்வெளியில் பதினோராவது கம்பத்தின் மேல் மரக்கிளை முறிந்து விழுந்து, கம்பி அறுந்து தொங்குகிறது என்று ஒருவர் வந்து சொன்னார். போக இருபது நிமிஷ நடை. அவருடைய உதவியாள் காய்ச்சலில் படுத்திருந்தான். தனியாகத்தான் போக வேண்டும்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த டார்ச்சையும் பெல்ட்டில் இருந்ததையும் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இதை நீ வச்சுக்க. வெப்பமானி பார்க்கணும்ல."

"எனக்கு ஒண்ணு போதும். நீங்க எடுத்துட்டுப் போங்க."

"ஒண்ணு தீர்ந்துபோனா? நாலு தட்டு இருக்கு. வச்சுக்க."

சட்டைப் பையில் இருந்த சின்ன டார்ச்சோடு கிளம்பினார். அவர் எனக்குச் செய்ததிலேயே பெரிய காரியம் அது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் "சீக்கிரம் வாங்க" என்று மட்டும்தான் சொன்னேன், கவனமெல்லாம் முட்டையில் இருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. கம்பம் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் போவார். வேலை தெரியாத யாராவது அவசரப்பட்டு அதைத் திரும்ப மாட்டிவிட்டால் மேலே இருப்பவன் கதி அதோகதி. எத்தனையோ பேருக்கு அப்படி ஆகியிருக்கிறது என்பார். ஆகவே அவர் திரும்பி வந்து கட்டையை மாட்டும்வரை, யார் தலைகீழாக நின்றாலும் ஊருக்கு விளக்கு வராது. அன்றும் மூன்று கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார். மணி ஏழு.

நான் கம்பளியை மடித்துப் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரக்கா தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுக்கக் கொடுக்க, பாட்டில்களில் ஊற்றித் தட்டுகளுக்கு நடுவே செருகினேன். எட்டரைக்கு வெப்பமானி இரண்டு கோடு இறங்கியிருந்தது. ஒன்பதுக்கு இன்னும் இரண்டு. தெருவில் பேச்சு எழுந்தது. "என்ன, பத்து நிமிஷம் இன்னிக்கு ரெண்டு மணி நேரமாயிடுச்சே" என்று யாரோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு டார்ச். அது அணைந்துபோனால் அந்த மனிதர் அங்கேயே உயிரை விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. யாரையாவது போய்ப் பார்த்து வாருங்கள் என்று அனுப்பலாம்தான். அனுப்பினால், கம்பத்தைக் கட்டிப்பிடித்து நடுங்கிக்கொண்டிருக்கும் பத்து நிமிஷத்தை அவர்கள் பார்ப்பார்கள். அதற்கு மேல் அவர் இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

பத்து மணிக்கு முட்டைகளை அக்காவிடம் ஒப்படைத்தேன்.

"எங்கடி போற இந்த நேரத்துல?"

"அவருக்கு டார்ச் கொண்டு போறேன்."

"லைன்மேனுக்கு நீ வெளிச்சம் கொண்டு போறியா? நல்ல கூத்து."

பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன், நடந்தேன் என்ன, ஓடினேன். எனக்கு இருட்டில் பயமில்லை. அன்று இருந்த பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். பாதையெல்லாம் சேறு. ஒவ்வொரு கம்பமாக வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறாவது கம்பம் தாண்டி, வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் வரும். அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. காலைத் தொங்கப் போட்டு, மடியில் தோள்பையை வைத்துக்கொண்டு.

"என்னங்க" என்றேன்.

"டார்ச்சை அணை" என்றார்.

பயம் முற்றி மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டே போய் அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தேன். கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"அணைச்சிடு. கண்ணு கூசுது. இப்பதான் நல்லா தெரிய ஆரம்பிச்சுது."

"கம்பி கட்டியாச்சா?"

"எட்டரைக்கே கட்டியாச்சு."

"ஃபியூஸ் கட்டை?"

"பையில இருக்கு."

எட்டரைக்கே கட்டியாச்சு. ஊர் முழுக்க இருட்டில் கிடக்கிறது, இருநூற்று நாற்பது முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் ஊர் வெளிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அவரை வாய்க்காலில் தள்ளியிருப்பேன். உயிரோடு இருக்கிறாரே என்ற நிம்மதியில் அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதையும் செய்யாமல் நின்றேன்.

அவர் நடந்ததைச் சொன்னார். கம்பி கட்டி முடிக்கும்வரை டார்ச்சைப் பல்லில் கவ்வியிருந்தாராம். வேலை முடிந்தால் "முடிஞ்சுது" என்று வாய்விட்டுச் சொல்வது அவர் பழக்கம். இத்தனை வருஷமும் தோளில் பெரிய டார்ச் தொங்கியதால் வாய்க்கு வேலை இல்லை. அன்று கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, பழக்க தோஷம், "முடிஞ்சுது" என்றார். டார்ச் நேரே கம்பத்தடியில் ஓடிய வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது.

"அப்புறம்?"

"கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். மூடினா அது என் இருட்டு. திறந்தா ஊர் இருட்டு. கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன். யாராவது விளக்கோட வருவாங்கன்னு பார்த்தேன். யார் வருவா? விளக்கைத்தான் நான் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேனே. அப்புறம் உன் முட்டை ஞாபகம் வந்துது. யாராவது வர்றாங்களான்னு பார்க்கத்தான் கண்ணைத் திறந்தேன்." கையைத் தூக்கிக் காட்டினார். "என் கை தெரிஞ்சுது."

"கையா?"

"என் கைதான். கம்பம் தெரிஞ்சுது. கீழே பாதை வெள்ளையாத் தெரிஞ்சுது. எங்கிருந்துடா வெளிச்சம் வருது, எல்லாக் கட்டையும் நம்ம கிட்டல்ல இருக்குன்னு தேடினேன். எந்த லைன்ல வருதுன்னு பார்த்தேன். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன்."

நாற்பத்திரண்டு வயது மனிதர். இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தால் கண் பழகிவிடும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ள அவர் இருட்டுக்கு ஒரு நாளும் அவகாசம் கொடுத்ததில்லை. பத்து நிமிஷத்தில் விளக்கைப் போட்டுவிடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

இறங்கினாராம். காலால் தடவித் தடவிப் பாலம்வரை வந்தாராம். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரிவதெல்லாம் உண்மைதானா என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தாராம். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என் கணக்கில் ஒரு மணி நேரம்.

"எழுந்திருங்க, முட்டை" என்றேன்.

"எழுந்திருக்கறேன். நீ ஒரு நிமிஷம் உட்காரு. பார்த்துட்டுப் போயிடலாம்."

எந்தப் பெண்ணும் அந்த நேரத்தில் உட்கார மாட்டாள். நான் உட்கார்ந்தேன், ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. டார்ச்சை அணைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. தவளைச் சத்தம் மட்டும் காதை அடைத்தது. ஈர மண் வாசனையும் எங்கோ மிதிபட்ட பச்சைப் புல் வாசனையும் வந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. வரப்பு. தோப்பின் விளிம்பு. தூரத்தில் ஊர், ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல், கூரைகள் மட்டும். மழைத் தண்ணீர் நின்ற வயலில் வானம் அப்படியே இறங்கிக் கிடந்தது, மேலே எத்தனை நட்சத்திரமோ கீழேயும் அத்தனை. அந்த ஊரில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். இருட்டுக்குப் பயப்படாதவள் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. ஆனால் இருட்டில் நான் எப்போதும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேனே ஒழிய, நின்று பார்த்ததில்லை.

"நல்லா இருக்கில்ல?" என்றார். புதுச் சட்டை போட்ட பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இப்ப எழுந்திருங்க."

ஓட்டமும் நடையுமாக வந்தோம். டார்ச் என் கையில் இருந்தது, போடவில்லை. சேற்றில் ஒரு இடத்தில் வழுக்கப் போனேன், அவர்தான் கையைப் பிடித்தார். டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து நான் வெளிச்சம் பிடிக்க, மூன்று கட்டையையும் மாட்டினார். ஊரில் விளக்கு வந்தபோது மணி பதினொன்று ஆக ஐந்து நிமிஷம். வீடு வீடாக வெளிச்சம் வர, அவர் திரும்பி வானத்தைப் பார்த்தார். பாதி நட்சத்திரம் காணாமல் போயிருந்தது. "அடடா" என்றார். ஒரு லைன்மேன் சொல்லக்கூடிய பேச்சா அது?

இருபத்தொன்றாம் நாள் முட்டைகள் கீறல் விட ஆரம்பித்தன. பெட்டிக்கு முன்னால் இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் மாலை எண்ணியபோது நூற்றுத் தொண்ணூற்றொரு குஞ்சு. பண்ணைக்காரர் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார், அடுத்த மாதமும் வந்தார். சூடு குறைந்ததால் போனதா, இல்லை எப்போதும் போவதுதானா என்று தெரியாத மீதி நாற்பத்தொன்பதை நான் விடவில்லை. இன்றைக்கும் சண்டை முற்றினால் "நாற்பத்தொன்பது" என்று ஒரே ஒரு சொல் சொல்வேன். மனிதர் பேச்சு மூச்சு இல்லாமல் எழுந்து வெளியே போய்விடுவார். எங்கே போவார், அந்தப் பாலத்துக்குத்தான்.

பிறகு அது அவருக்கு வாடிக்கையாகிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் டார்ச் இல்லாமல் கிளம்பிவிடுவார். எந்தப் பறவை எந்த மரத்தில் எத்தனை மணிக்குக் கூப்பிடும், எந்த நாளில் நிலா தோப்புக்குப் பின்னால் எவ்வளவு தாமதமாக எழும்பும் என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். அந்த வருஷத்து மாற்றல் விண்ணப்பத் தாளைக் குஞ்சுப் பெட்டிக்கு அடியில் விரித்துவிட்டேன், அவர் தேடவே இல்லை. ஊருக்குத்தான் நஷ்டம். மின்சாரம் போனால் முன்போல ஓடுவதில்லை. போவார், வேலையை ஒழுங்காகச் செய்வார், ஆனால் நிதானமாகச் செய்வார். பேரும் மாறிவிட்டது. இப்போது அவர் அரை மணி நேரம். "உங்க வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சும்மா, பழைய சுறுசுறுப்பு இல்லை" என்று என்னிடம் குறை சொல்கிறார்கள். மளிகைக் கடையில் மறுபடி மெழுகுவர்த்தி வந்துவிட்டது. நான் இப்போதும் முகத்தை நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது பாலம் அல்ல. குஞ்சுகளைக் கொடுத்தனுப்பிய அன்று ராத்திரி. பெட்டியைக் கழுவிக் காயவைத்திருந்ததால் அதன் ஆறு பல்பும் எரியவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் படுக்கையறை விளக்கு விடிய விடிய எரியும். நான் கட்டிலில் உட்கார்ந்து வழக்கம்போலத் துணியை எடுத்துக் கண்ணில் கட்டினேன். அவர் வந்து படுக்கும் சத்தம் கேட்கவில்லை. துணியைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் துணி தலைவலிக்குத்தானா?"

துணியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"கல்யாணமான மூணாம் நாள்ல இருந்து."

அவர் சுவிட்சையே பார்த்தார். "சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா அணைச்சிருப்பீங்க" என்றேன். "அணைச்சுட்டு ராத்திரி முழுக்க வேர்த்துக்கிட்டுப் படுத்திருப்பீங்க. பக்கத்துல எனக்கு மட்டும் தூக்கம் வந்துடுமா?"

அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன். பிறகு விளக்கை அணைத்தார்.

துணியை அவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பதினோரு வருஷம் கட்டியே பழகியதில் கண் வெறுமையாக இருந்தது, தூக்கம் வரவில்லை. மெல்ல ஜன்னல் தெரிந்தது, கொடியில் தொங்கிய அவர் சட்டை தெரிந்தது, வாயைத் திறந்து படுத்திருந்த அவர் முகம் தெரிந்தது. இருட்டில் அவர் முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அணைத்த பத்தாவது நிமிஷம் மனிதர் தூங்கிவிட்டிருந்தார்.